‘ஒருமுறை போய் வந்தேன்’: மணமுறிவையும் மறுபடி மலரும் காதலையும் பேசும் கொரிய வார இறுதித் தொடர் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இது எந்தத் தொடர்?

தென்கொரியாவின் பொது ஒளிபரப்பு நிறுவனமான கேபிஎஸ், தன் இரண்டாம் அலைவரிசையில் 2020 மார்ச் 28 முதல் செப்டம்பர் 13 வரை சனி, ஞாயிறு இரவுகளில் ஒளிபரப்பிய குடும்பத் தொடர் இது. வெளிநாட்டு ரசிகர்கள் ‘ஒன்ஸ் அகெய்ன்’ என்ற ஆங்கிலப் பெயரில் இதை அறிவார்கள். யாங் ஹி சுங், ஆன் ஆ ரும் ஆகிய இருவரும் எழுத, லீ ஜே சாங் இயக்கினார். நான்கு பிள்ளைகளைப் பெற்று வளர்த்து மணமுடித்து வைத்த ஒரு தம்பதியின் வீட்டுக்கு, அந்த நால்வரும் ஒருவர் பின் ஒருவராக மணவாழ்க்கை முறிந்து வந்து நிற்பதுதான் கதை.

கொரிய மொழியில் தலைப்பின் பொருள் என்ன?

‘ஹான் பொன் தான்யோவாத்சும்னிதா’ என்பது மூலத் தலைப்பு. ‘ஒருமுறை போய்விட்டு வந்தேன்’ என்று அதைத் தமிழில் சொல்லலாம். ஆங்கிலப் பெயர் இதன் சுவையை முழுவதும் இழந்துவிடுகிறது. தமிழுக்கு அந்த இழப்பு இல்லை. வீட்டைவிட்டுக் கிளம்பும்போது ‘போகிறேன்’ என்று சொல்லாமல் ‘போய் வருகிறேன்’ என்று சொல்லும் வழக்கம் நமக்கு இருப்பதைப் போலவே கொரியருக்கும் இருக்கிறது. பள்ளிக்கோ வேலைக்கோ கிளம்புபவர் ‘போய் வருகிறேன்’ என்பார். மாலையில் வாசலில் செருப்பைக் கழற்றும்போது ‘போய் வந்துவிட்டேன்’ என்று உள்ளே இருப்பவர்களுக்குக் குரல் கொடுப்பார். தலைப்பில் இருப்பது அந்த இரண்டாவது வாக்கியம். ‘ஒருமுறை போய் வந்தவர்’ என்பது கொரியப் பேச்சுவழக்கில் மணமாகிப் பிரிந்தவரையும் குறிக்கும். அதே கருத்தில் ‘தோல்சிங்’ என்றொரு சொல்லும் உண்டு. ‘திரும்பி வந்த தனியர்’ என்ற தொடரின் சுருக்கம் அது.

தமிழில் இந்தத் தொடரைப் பற்றி எழுதுபவர்களும் வசன வரி அமைப்பவர்களும் இதை மனத்தில் கொள்ள வேண்டும் என்பது என் வேண்டுகோள். பிறந்த வீட்டுக்குத் திரும்பிய பெண்ணைக் குறிக்க நம்மிடம் ‘வாழாவெட்டி’ என்றொரு கொடிய சொல் இருக்கிறது. அந்தச் சொல்லை இந்தக் கதைக்குள் கொண்டுவந்தால் கதை சொல்ல வந்ததே தலைகீழாகிவிடும். திரும்பி வருவது தோல்வி என்று ஊர் சொல்லும்போது, மாலையில் வீடு திரும்புவதைப் போல அதுவும் ஒரு திரும்புதல்தான் என்று தலைப்பிலேயே சொல்லிவிட்டுத் தொடங்குகிற தொடர் இது.

வார இறுதித் தொடர் என்று தனியாக ஒரு வகை உண்டா?

உண்டு. நாம் இணையத்தில் அதிகம் பார்க்கும் கொரியத் தொடர்கள் 16 அத்தியாயங்களில் முடிந்துவிடும். கேபிஎஸ் இரண்டாம் அலைவரிசையில் சனி, ஞாயிறு இரவு எட்டு மணியை ஒட்டி வரும் தொடரோ ஏறத்தாழ 50 அத்தியாயங்கள், அதாவது அரை ஆண்டுக் காலம், நடக்கும். மூன்று தலைமுறைகள், இரண்டு மூன்று குடும்பங்கள், ஒரு கடைத்தெரு, நிறைய சாப்பாடு என்று அதற்கென ஓர் இலக்கணமே உருவாகியிருக்கிறது. பாட்டியும் பேரனும் ஒரே அறையில் உட்கார்ந்து பார்க்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்பது அதன் எழுதப்படாத விதி. அந்த நேரத்தில், அந்தப் பார்வையாளர்கள் முன்னால், ஒரே வீட்டில் நான்கு மணமுறிவுகளை வைத்ததுதான் இத்தொடரின் துணிச்சல். கடைசி வாரங்களில் இதன் பார்வையாளர் வீதம் 30 சதவீதத்தைத் தாண்டியது; கொரியத் தொலைக்காட்சி அலைவரிசைகள் பெருகிவிட்ட காலத்தில் அது மிகப் பெரிய எண்.

சில இடங்களில் 50 அத்தியாயங்கள் என்றும் சில இடங்களில் 100 என்றும் இருக்கிறதே?

இரண்டும் ஒரே தொடர்தான். அப்போது கொரியாவின் தரைவழி அலைவரிசைகள் நிகழ்ச்சிக்கு நடுவே விளம்பரம் போட அனுமதி இல்லை. அதனால் ஒரு மணி நேரத்துக்கும் மேலான ஒரு நாள் பகுதியை இரண்டாகப் பிரித்து, தனித்தனி எண் கொடுத்து, அந்த இடைவெளியில் விளம்பரம் போட்டார்கள். 2021 ஜூலையில் அந்தத் தடை நீங்கியது.

கதையில் யார் யார் இருக்கிறார்கள்?

சோங் யோங் தல், சந்தையில் கோழி வறுத்து விற்கும் கடைக்காரர். பொரித்த கோழித் துண்டுகளை இனிப்பும் காரமும் கலந்த பாகில் புரட்டி எடுக்கும் ‘தக்காங்ஜோங்’ அவருடைய கடைச் சரக்கு. செலவு செய்ய மனம் வராதவர். சந்தை வணிகர் சங்கத் தலைவர். அவருடைய மனைவி ஜாங் ஓக் புன். சோன் ஹோ ஜின்னும் சா ஹ்வா யோனும் இவர்களாக நடித்திருக்கிறார்கள். இந்த வேடத்துக்காக சோன் ஹோ ஜின் 2020ஆம் ஆண்டுக்கான கேபிஎஸ் நாடக விருதுகளில் உச்ச விருதான ‘தேசாங்’ பெற்றார்.

மூத்தவன் ஜூன் சொன், திரைப்படச் சண்டைக் காட்சிக் கலைஞன். பிடிப்பில்லாத வருமானம், பொறுப்பில்லாத போக்கு, அதனால் மனைவி ஹ்யோன் க்யோங்கையும் இரண்டு பெண் குழந்தைகளையும் விட்டுப் பிரிந்திருப்பவன். அடுத்தவள் கா ஹி, முன்னாள் விமானப் பணிப்பெண். கணவனின் துரோகத்தால் பிரிந்து மகனோடு தாய் வீட்டில் இருப்பவள். மூன்றாமவள் நா ஹி, குழந்தை மருத்துவர். கடைசிப் பெண் தா ஹி. திருமண நாளன்றே மாப்பிள்ளையின் உண்மை முகம் தெரிந்து விலகி வருகிறாள்.

கொரியாவில் சடங்கு நடந்துவிட்டதாலேயே மணம் சட்டப்படி நிறைவேறுவதில்லை. அரசு அலுவலகத்தில் பதிந்த பிறகே தம்பதி ஆகிறார்கள். ஊர் வாய்க்கு மட்டும் இந்த வேறுபாடு தெரியாது. நான்கு பிரிவுகளையும் ஒரே கணக்கில்தான் எழுதுகிறது.

பெயர்கள் குழப்புகின்றன. நினைவில் வைக்க வழி உண்டா?

உண்டு, அழகான வழி. கொரிய எழுத்துவரிசை ‘கா, நா, தா’ என்று தொடங்கும்; நம் ‘அ, ஆ, இ’ போல. மூன்று பெண்களுக்கும் அந்த வரிசையிலேயே கா ஹி, நா ஹி, தா ஹி என்று பெயர். ஆக, பெயரைக் கேட்டாலே யார் மூத்தவள் என்று தெரிந்துவிடும். இன்னொன்று, கொரியப் பெண்கள் மணமான பின்பும் தம் தந்தை வழிக் குடும்பப் பெயரை மாற்றுவதில்லை. அம்மா ‘ஜாங்’ என்றும் பிள்ளைகள் ‘சோங்’ என்றும் இருப்பது அதனால்தான். நா ஹி மணமானபோதும் சோங்தான், பிரிந்தபோதும் சோங்தான்.

நா ஹியும் கியூ ஜின்னும் ஏன் பிரிகிறார்கள்? இருவரும் நல்லவர்களாகத்தானே தெரிகிறார்கள்?

தொடரின் நெஞ்சு இந்த இடத்தில்தான் இருக்கிறது. ஆகவே சற்று விரிவாகச் சொல்கிறேன். லீ மின் ஜோங் நடித்த நா ஹியும், லீ சாங் யோப் நடித்த யுன் கியூ ஜின்னும் காதலித்து மணந்தவர்கள். இருவரும் ஒரே மருத்துவமனையில் குழந்தை மருத்துவர்கள். நா ஹிக்குக் கரு கலைந்துவிடுகிறது. மற்றவர்களின் குழந்தைகளைக் காலை முதல் மாலை வரை கையில் ஏந்தி, காய்ச்சலையும் இருமலையும் கேட்டு, பெற்றோருக்குத் தைரியம் சொல்லி அனுப்பும் இருவர், தாங்கள் இழந்த குழந்தையைப் பற்றி ஒருவருக்கொருவர் ஒரு சொல்லும் பேசிக்கொள்ள முடியாமல் வீடு திரும்புகிறார்கள். பேசாமல் விட்ட அந்த ஒன்று, பேசுகிற எல்லாவற்றிலும் சண்டையாக வெளிவருகிறது. பாத்திரம் கழுவாதது சண்டை. மாமியார் முன்னறிவிப்பின்றி வந்து போவது சண்டை. கணவன் தாயைத் தட்டிக் கேட்காதது பெரிய சண்டை. நா ஹி எதையும் முகத்துக்கு நேரே சொல்லிவிடுபவள். கியூ ஜின் எதையும் நேரே சொல்லாமல் தவிர்ப்பவன். ஒருவர் கெட்டவராக இருந்தால் முடிவெடுப்பது எளிது. இங்கே அப்படி ஒருவரும் இல்லை. இத்தகைய பிரிவை ஒரு குடும்பத் தொடர் இவ்வளவு பொறுமையாகக் காட்டுவது அரிது.

பிரிந்த பிறகும் இருவரும் ஒரே வீட்டில் இருப்பது நம்பும்படி இருக்கிறதா?

கதைக்காகக் கொஞ்சம் இழுத்திருக்கிறார்கள் என்பது உண்மை. குடும்பத்தாருக்குத் தெரியாமல் மணமுறிவு பெற்று, ஒப்பந்தம் எழுதிக்கொண்டு, ஒரே கூரையின் கீழ் அறைத் தோழர்களைப் போல வாழ்கிறார்கள். நகைச்சுவைக்கு ஏற்ற ஏற்பாடு. ஆனால் அதற்குள் ஒரு கூர்மையான உண்மை இருக்கிறது. கணவன் மனைவியாக இருந்தபோது ஒருவரை ஒருவர் கேட்டுச் செய்யாதவற்றை, ஒப்பந்தம் வந்த பிறகு கேட்டுச் செய்கிறார்கள். உரிமை போன இடத்தில் மரியாதை வருகிறது. அந்த மரியாதையில்தான் பழைய காதல் மீண்டும் துளிர்க்கிறது.

கொரியாவில் மணமுறிவு பெறும் முறை என்ன?

இரண்டு வழிகள் இருக்கின்றன. இருவரும் ஒப்பினால் குடும்ப நீதிமன்றத்துக்குச் சேர்ந்து சென்று விண்ணப்பிக்க வேண்டும். வயது வராத பிள்ளைகள் இருந்தால் 3 மாதம், இல்லையென்றால் 1 மாதம், தம்பதி தங்கள் முடிவை மறுபடி எண்ணிப் பார்ப்பதற்கான காத்திருப்புக் காலம் தரப்படும். வன்முறை போன்ற அவசர நிலைகளில் அதைக் குறைக்கவோ விலக்கவோ முடியும். 2008 ஜூனில் இந்தக் காத்திருப்பு கட்டாயமானது. அக்காலம் முடிந்ததும் இருவரும் மீண்டும் நேரில் சென்று ஒப்புதலை உறுதி செய்ய வேண்டும். பிள்ளைகளை யார் வளர்ப்பது, செலவை யார் தருவது என்ற உடன்படிக்கையையும் காட்ட வேண்டும். நீதிமன்றம் தரும் உறுதிச் சான்றை 3 மாதத்துக்குள் உள்ளாட்சி அலுவலகத்தில் கொடுத்துப் பதிந்தால்தான் மணம் முறியும். கொடுக்காமல் விட்டால் அந்தச் சான்று செல்லாது, மணம் நீடிக்கும்.

ஒப்பாதவர்கள் வழக்குத் தொடர வேண்டும். அதற்கான காரணங்களைக் குடிமைச் சட்டம் வரையறுத்திருக்கிறது. தவறு செய்த தரப்பே மணமுறிவு கேட்டு வழக்குப் போடுவதைக் கொரிய உச்ச நீதிமன்றம் பொதுவாக ஏற்பதில்லை. 2015இல் நீதிபதிகள் 7க்கு 6 என்று பிரிந்து நின்றபோதும் அந்த நிலைப்பாடே நிலைத்தது.

அந்தச் சமூகத்தில் மணமுறிவு அவ்வளவு பெரிய அவமானமா?

முன்பைவிடக் குறைந்திருக்கிறது, முற்றும் போய்விடவில்லை. 2003இல் தென்கொரியாவில் ஓர் ஆண்டில் ஏறத்தாழ 1,67,000 மணமுறிவுகள் பதிவாகின. இத்தொடர் ஒளிபரப்பான 2020இல் அது ஏறத்தாழ 1,07,000. அதே ஆண்டில் பதிவான திருமணங்கள் ஏறத்தாழ 2,14,000. திருமணங்களே குறைந்து வருவதும் இந்த இறக்கத்துக்கு ஒரு காரணம்.

சட்டமும் இக்காலத்தில் வெகுவாக மாறியது. ஆண் ஒருவரைக் குடும்பத் தலைவராக வைத்து மற்றவர்களை அவர் பெயரின் கீழ் எழுதும் ‘ஹோஜூ’ முறை, அரசியல் சாசன நீதிமன்றத்தின் 2005ஆம் ஆண்டுத் தீர்ப்பைத் தொடர்ந்து 2008 ஜனவரி 1 அன்று ஒழிந்தது. அதுவரை, பிரிந்துபோன தாய் தன் பிள்ளையைத் தானே வளர்த்தாலும் பதிவேட்டில் அப்பிள்ளை தந்தையின் குடும்பத்திலேயே இருந்தது. மறுமணம் செய்த தாயின் பிள்ளைக்குக் குடும்பப் பெயரை மாற்ற நீதிமன்ற அனுமதி பெறும் வழியும் அதன் பிறகே வந்தது. பிறர்மனை நாடுதலைக் குற்றமாக்கிச் சிறைத்தண்டனை விதித்த சட்டப் பிரிவு 2015 பிப்ரவரி 26 அன்று செல்லாததானது. ஆகவே கா ஹியைப் போன்ற ஒரு பெண், தொடர் நடக்கும் 2020இல், துரோகம் செய்த கணவனைச் சிறைக்கு அனுப்ப முடியாது. இழப்பீடு மட்டும் கேட்கலாம்.

சட்டம் மாறிய வேகத்தில் அக்கம்பக்கம் மாறவில்லை. ஓக் புன்னின் கவலையெல்லாம் அதுதான். சந்தைக்குள் நடக்கும்போது யார் கண்ணைப் பார்ப்பது, பிள்ளைகளைப் பற்றிக் கேட்டால் என்ன சொல்வது என்று அவர் குமைவதைப் பார்க்கும்போது நமக்கு மொழிபெயர்ப்பே தேவைப்படுவதில்லை.

அக்காளும் தங்கையும் அண்ணன் தம்பியைக் காதலிப்பதில் என்ன சிக்கல்?

தமிழ்ப் பார்வையாளர்கள் அதிகம் கேட்கும் கேள்வி இது. தா ஹிக்கும் (லீ சோ ஹி), கியூ ஜின்னின் தம்பி ஜே சொக்கிற்கும் (லீ சாங் யி) காதல் மலர்கிறது. நம் உறவுமுறைக் கணக்கில் அக்காள் கணவனின் தம்பி என்பவன் கட்டிக்கொள்ளும் முறைதான்; சகோதரிகள் ஒரே வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு ஓரகத்திகளாக இருப்பதை நாம் பாந்தமாகவே பார்ப்போம்.

கொரியரின் கணக்கு வேறு. மணத்தால் இணைந்த இரு குடும்பத்தாரும் ஒருவரை ஒருவர் ‘சாதொன்’ என்று அழைத்துக்கொள்வார்கள். நம் ‘சம்பந்தி’ பெற்றோருக்கு மட்டும் உரியது. ‘சாதொன்’ சகோதர சகோதரிகளுக்கும் செல்லும். அது மரியாதையோடு விலகி நிற்க வேண்டிய உறவு. ‘சம்பந்தி வீடும் கழிப்பறையும் தொலைவில் இருக்க வேண்டும்’ என்பது கொரியப் பழமொழி. ஏற்கெனவே சம்பந்தியான வீட்டிலேயே இன்னொரு சம்பந்தம் செய்வதற்கு ‘கியோப்சாதொன்’, அதாவது ‘இரட்டைச் சம்பந்தம்’, என்று பெயர். சட்டம் அதைத் தடுப்பதில்லை. வழக்கம்தான் முகம் சுளிக்கிறது.

இங்கே சுமை இன்னும் கூடுகிறது. மூத்த ஜோடி பிரிந்துவிட்டது. தா ஹி மணந்தால், தன் அக்காளை வருத்திய மாமியாரையே தன் மாமியாராக ஏற்க வேண்டும். நா ஹியும் கியூ ஜின்னும் மறுபடி நெருங்கினாலோ, இளைய ஜோடியின் வழி அடைபடும். இரண்டு காதல்களும் ஒரே குறுகிய வாசலில் எதிரெதிராக வந்து நிற்கின்றன. இளைய ஜோடியின் காட்சிகளில் இருக்கும் இலேசான மகிழ்ச்சியே ரசிகர்களை வாரம் தவறாமல் இழுத்தது. தா ஹி, ஜே சொக் பெயர்களின் முதலெழுத்துகளைச் சேர்த்து ‘தா ஜே ஜோடி’ என்று அவர்களுக்குச் செல்லப்பெயரும் வைத்தார்கள்.

கிம்பாப் கடைக்காரப் பெண் கதைக்குள் எப்படி வருகிறார்?

காங் சோ யோன் என்ற அந்தப் பாத்திரத்தில் லீ ஜோங் உன் நடித்திருக்கிறார். ‘பாரசைட்’ படத்தின் வீட்டுப் பணிப்பெண்ணாக நாம் அறிந்தவர். மது விடுதி நடத்திய பழைய வாழ்க்கையை விட்டுவிட்டுச் சந்தையில் கிம்பாப் கடை திறக்கிறார். சங்கத் தலைவரான யோங் தல்லுக்கு அவரைக் கண்டாலே ஆகவில்லை. அவர்கள் சிறு வயதில் பிரிந்துபோன அண்ணனும் தங்கையும் என்பது இருவருக்கும் தெரியாது. இடையில் வேறொரு பெண் வந்து ‘நான்தான் உன் தங்கை’ என்று ஏமாற்றுகிறாள்.

கடையின் வேலை எளிமையானது. உலர்ந்த கடற்பாசித் தாளை மூங்கில் பாயில் விரித்து, எள்ளெண்ணெய் கலந்த சோற்றை விரல்களால் மெல்லப் பரப்பி, மஞ்சள் முள்ளங்கி ஊறுகாய், கேரட், கீரை, முட்டைக் கீற்று ஆகியவற்றை நீளவாக்கில் அடுக்கி, பாயோடு சேர்த்து அழுத்திச் சுருட்டி, மேலே எண்ணெய் தடவி வட்டமாக நறுக்குவார்கள். சுருட்டும்போது கை தளர்ந்தால் நறுக்கும்போது எல்லாம் உதிர்ந்துவிடும். பல பக்கம் சிதறிய ஒரு குடும்பத்தின் கதைக்கு இந்தப் பண்டம் பொருந்திப்போவது தற்செயலா என்று தெரியாது, எனக்குப் பிடித்திருக்கிறது.

தங்கை அண்ணனை அழைக்கும் ‘ஓப்பா’ என்ற சொல்லையே கொரியப் பெண்கள் காதலனுக்கும் பயன்படுத்துவார்கள். நம் ரசிகர்களுக்கு அந்த இரண்டாம் பொருளே பழக்கம். ஐம்பதைக் கடந்த ஒரு பெண் அதன் முதற்பொருளில் அழைக்கும்போது அந்தச் சொல்லின் கனம் புரிகிறது. என் கணிப்பில் தொடரின் மிகச் சிறந்த நடிப்பு அண்ணன், தங்கை இருவருக்கும் உரிய பகுதிகளில்தான் இருக்கிறது.

தொடர் மீது குறைகள் சொல்லப்பட்டனவா?

சொல்லப்பட்டன. தொடக்க வாரங்களில் கிம்பாப் கடைப் பெண்கள் ஆண் வாடிக்கையாளர்களைக் கவர்ந்திழுப்பதுபோல் காட்டியதற்குப் பார்வையாளர்களிடமிருந்து கடும் எதிர்ப்பு வந்தது. தயாரிப்புத் தரப்பு வருத்தம் தெரிவித்தது. எதிர்ப்பு நியாயமானது என்றே நானும் கருதுகிறேன்.

என் குறை வேறொன்று. கா ஹியின் பகுதிக்கு உரிய இடம் கிடைக்கவில்லை. மகனை வைத்துக்கொண்டு, நீண்ட இடைவெளிக்குப் பின் வேலைக்குப் போய், தன்னைவிட இளைய ஒருவனின் அன்பைக் கண்டு தயங்கும் பெண் அவள். நால்வரில் ‘புது’க் காதலை உண்மையிலேயே முன்பின் அறியாத ஒருவரிடம் காண்பவளும் ஏறத்தாழ அவள்தான். ஓ யூன் ஆ நன்றாக நடித்திருக்கிறார். எழுத்து அவளை அடிக்கடி மறந்துவிடுகிறது.

முடிவு எப்படி? (முடிவை அறிய விரும்பாதவர்கள் இந்தப் பதிலைத் தவிர்க்கவும்.)

நா ஹியும் கியூ ஜின்னும் மறுபடி சேர்கிறார்கள். இரட்டைக் குழந்தைகள் வருகின்றன. தா ஹியும் ஜே சொக்கும் மணந்துகொள்கிறார்கள். ஜூன் சொன்னும் மனைவியோடு சேர்ந்துவிடுகிறான். நான்கு பிரிவுகளில் இரண்டு பழைய இணைக்கே திரும்புவதால், மணமுறிவைத் தற்காலிகப் பிணக்காக்கிவிட்டார்கள் என்று சிலர் வருந்துவதுண்டு. ஜூன் சொன் விஷயத்தில் அந்த வருத்தம் எனக்கும் உண்டு. ஹ்யோன் க்யோங் பட்ட பாட்டுக்கு அவன் இன்னும் கொஞ்சம் காத்திருந்திருக்கலாம். நா ஹி விஷயத்தில் இல்லை. அவர்கள் இழந்த குழந்தைக்காக ஒன்றாக அழுத பிறகே மறுபடி சேர்கிறார்கள். அந்த அழுகை முதல் மணத்தில் நடக்கவே இல்லை.

இவ்வளவு நீளமான தொடரைத் தொடங்கத் தயக்கமாக இருக்கிறது. எவ்வளவு பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம்?

முதல் நான்கு வாரங்களைப் பாருங்கள். தொடக்கத்தில் சத்தம் அதிகம். எல்லாரும் கத்திக்கொண்டே இருப்பார்கள். நா ஹியும் கியூ ஜின்னும் பிரிவது என்று முடிவெடுக்கும் கட்டத்திலிருந்து தொடர் நிதானத்துக்கு வருகிறது. வீட்டில் பெரியவர்கள் இருந்தால் சேர்ந்து பாருங்கள். யோங் தல் ஏன் அவ்வளவு கோபப்படுகிறார் என்பதை நம்மைவிட அவர்கள் விரைவாகப் புரிந்துகொள்வார்கள்.